விடைபெறும் சொல்

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று தெரியவில்லை. விசாரணையில் கோமளா பேசியதை நேரில் ஒரு தடவை கேட்டேன். பிறகு ஒலிப்பதிவில் எத்தனையோ தடவை கேட்டேன். எது அவள் வாயிலிருந்து வந்தது, எது ஒலிபெருக்கியிலிருந்து வந்தது என்று இப்போது என்னால் பிரிக்க முடியவில்லை. அன்றைக்கு அவள் பச்சைச் சேலை கட்டியிருந்தாள் என்று நினைக்கிறேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நித்திலா, இல்லை, சாம்பல் நிறம் என்கிறாள். மறக்காத பெட்டிகளைச் செய்து விற்பதுதான் எங்கள் தொழில். எங்கள் மண்டைகளை யாரும் அப்படிச் செய்து அனுப்பவில்லை.

கோவையில், கணபதிக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் பட்டறை. கன்ட்ரோல் பேனல் செய்கிறோம். சம்பத் சார் முதலாளி. பேனல்களைச் சோதித்து, வாங்கியவர் இடத்தில் கொண்டுபோய் மாட்டி, ஓடவிட்டுத் திரும்புவது என் வேலை. பேனல் என்பது பார்வைக்கு ஓர் இரும்பு அலமாரி. கதவைத் திறந்தால் உள்ளே ரிலேக்களும் எண் கோர்த்த வயர்களும். வெளியே பொத்தான்கள், விளக்குகள். ஒரு மெஷினுக்கென்று செய்தது இன்னொன்றுக்குப் பொருந்தாது. கேட்டவருக்குக் கேட்டபடி செய்து கொடுப்பதில் எங்கள் பட்டறைக்கு நல்ல பெயர்.

முன்பெல்லாம் ஒருவர் மெஷினுக்குள் இறங்குவதற்கு முன் பேனலின் ஸ்விட்சை அணைத்து, அதில் தன் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். அவர் வெளியே வந்து பூட்டைக் கழற்றும்வரை மெஷின் ஓடாது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது அப்படித்தான் இருந்தது. அசிங்கமான, கனமான, துருப்பிடித்த முறை. ஆட்கள் பூட்டைத் தொலைத்தார்கள், சாவியோடு வீட்டுக்குப் போனார்கள், அதனால் ஷிப்டே நின்றது. பூட்டு வேண்டாம், வேறு வழி சொல்லுங்கள் என்று எல்லா முதலாளிகளும் கேட்டார்கள். சம்பத் சார் சொன்ன வழி, காது வைத்த பேனல். ஆட்கள் அதற்குக் காதுப்பெட்டி என்று பேர் வைத்தார்கள்.

மெஷினைச் சுற்றித் தரையில் ஒரு மஞ்சள் கோடு. கோட்டுக்குள் வருகிறவர்கள் பேசுவதைப் பேனல் கேட்டுக்கொண்டே இருக்கும். யார் வந்தார், யார் போனார் என்று குரலை வைத்தே கணக்கு வைத்துக்கொள்ளும். உள்ளே ஒருவர் இருந்தாலும் சிவப்பு விளக்கு எரியும், மெஷின் ஓடாது. எல்லாரும் போய்விட்டால் பச்சை.

பெருந்துறைப் பக்கம் ஒரு சாயப்பட்டறை. துணிகளைச் சாயத்தில் சுழற்றும் இரும்பு ட்ரம்கள் அங்கே உண்டு. ஆள் உள்ளே புகுந்து வேலை செய்கிற அளவுக்குப் பெரியவை. அந்த முதலாளி நல்லசாமி முதலில் நம்பவில்லை.

"கேமரா ஒண்ணு வெச்சுட்டா ஆகாதுங்களா?"

"ஆவி அடிக்கிற எடங்க இது," என்றார் சம்பத் சார். "கேமரா ஒரு வாரத்துல குருடாயிருமுங்க."

"எடையப் பார்த்துக் கண்டுபிடிக்கலாமில்ல?"

"ஈரத் துணிக்கும் ஈர மனுசனுக்கும் எடையில ஒரு வித்தியாசமும் கெடையாதுங்க. பேசறது மனுசன் மட்டுந்தான்."

நல்லசாமிக்கு அந்தப் பதில் பிடித்துப்போயிற்று. பிறகு அதையே தன் கண்டுபிடிப்பு மாதிரி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

பேனலுக்குப் பேச்சைச் சொல்லிக்கொடுக்கிற வேலை நித்திலாவுடையது. பல்கலைக்கழகத்தில் மொழியியல் படித்த மதுரைப் பெண். ஒவ்வொரு ஆலைக்கும் போய் ஒரு மூலையில் உட்கார்ந்து, அங்கே ஆட்கள் எப்படிக் கூப்பிடுகிறார்கள், எப்படித் திட்டுகிறார்கள், எப்படிக் கிளம்புகிறார்கள் என்று கேட்டு, அந்த இடத்துக்கென்று பேனலைப் பழக்குவாள். நாங்கள் விற்றது அதைத்தான். உங்கள் ஆட்கள் மாற வேண்டாம், பெட்டி அவர்களுக்காக மாறிக்கொள்ளும்.

அங்கே முதல் நாள் சாயங்காலம் ஷிப்ட் முடிந்து எல்லாரும் போன பிறகு சிவப்பு விளக்கு அணையவே இல்லை. மெஷின் ஓட்டுகிற குப்புராஜ் காலிக் கொட்டகையைப் பார்த்தான், பேனலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"ஏனுங்ணா, மொத்த ஷிப்டும் உள்ளதான் இருக்குதுன்னு சொல்லுதாட்ட இருக்குது. எல்லாத்துக்கும் டீ சொல்லிரட்டுங்களா?"

நித்திலா பதிவை ஓடவிட்டுக் கேட்டாள். கொஞ்ச நேரத்தில் தலையில் கையை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

"மருது அண்ணே, கெளம்புற ஒவ்வொருத்தரும் 'வர்றேன்'னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. இது எல்லாரும் உள்ள வர்றாங்கன்னு எழுதிக்கிருச்சு. நம்ம ஆளுக யாருமே போறேன்னு சொல்ல மாட்டாங்கள்ல!"

போகிறவர் வருகிறேன் என்று சொல்லும் மொழி. இத்தனை வயதுவரை பேசியும் அது எனக்குத் தோன்றியதில்லை.

ஆனால் அந்தச் சொல்லுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. ட்ரம்முக்குள் புகுந்து ஓட்டைகளில் சிக்கிய நூலைப் பிடுங்குகிறவர் சிகாமணி. அவர் மனைவி கோமளா ஈரத் துணியை வண்டியில் தள்ளுகிறவள். சாப்பாட்டு நேரத்தில் அவள் கோட்டுக்கு வெளியே நின்று கூப்பிடுவாள். உள்ளேயிருந்து பதில் வரும், "வர்றேன் வர்றேன்!" ஆள் வராது. நித்திலா அதை ஆர்வமாகக் கவனிப்பதைப் பார்த்துக் கோமளா சொன்னாள்:

"ரெண்டு தடவ சொன்னா இப்பத்திக்கு வரமாட்டாருன்னு அர்த்தமுங்க அம்மிணி. ஒருக்கா சொன்னா கெளம்பறாருன்னு அர்த்தம். எப்படிப் பார்த்தாலும் அந்த மனுசன் வர்றதுன்னு ஒண்ணு கெடையாதுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். ட்ரம்முக்குள்ளிருந்து சிகாமணியும் சிரித்தார். இரும்புக்குள்ளிருந்து வந்த அந்தச் சிரிப்பு பெரிதாக இருந்தது.

நித்திலா அதையே விதியாக வைத்தாள். தனியாக ஒரு 'வர்றேன்' என்றால் விடைபெறுவது. கணக்கிலிருந்து ஆளைக் கழி. அடுக்கி வந்தால் கூப்பிட்டதற்குப் பதில்; ஆள் அங்கேயே இருக்கிறார். அது சரியான விதி. இன்றைக்கும் அதில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. அந்தப் பழைய ட்ரம்களில் பேனல் அதற்குப் பிறகு ஒரு தடவைகூடத் தவறவில்லை.

சில மாதம் கழித்து நல்லசாமி இன்னும் பெரிய ட்ரம் ஒன்றை வாங்கிப் போட்டார். அதே பேனலை அதற்கு இணைத்தோம். சிகாமணி உள்ளே போய், "வந்துட்டனுங்கோ" என்றார். பேனல் இரண்டு பேர் என்று காட்டியது. அவர் வெளியே வந்து விடைபெற்ற பிறகும் உள்ளே ஒருவர் மிச்சம் இருந்தார்.

"சிகாமணி அண்ணன் ரெண்டாயிட்டாரு," என்றான் குப்புராஜ். "ஒருத்தரையே அக்காவால சமாளிக்க முடியல."

ட்ரம்மின் எதிரொலிதான் இரண்டாவது ஆள். நித்திலா அப்போது வேறு ஊரில் வேறு ஆலையில் இருந்தாள். சம்பத் சார் பட்டறையிலிருந்தே ஓர் இன்ஜினீயரிடம் சொல்லிப் பேனலை மாற்றச் செய்தார். ஒரே குரலில் ஒரே சொல் அடுத்தடுத்து வந்தால் இரண்டாவதை எதிரொலி என்று எடுத்து எறிந்துவிட வேண்டும். சின்ன வேலை. அன்றைக்கே முடிந்தது. பேனல் சரியாக எண்ண ஆரம்பித்தது. எல்லாரும் டீ குடித்தோம்.

இதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் ஊகித்திருப்பீர்கள். எங்களில் ஒருவரும் ஊகிக்கவில்லை.

ஒரு மத்தியானம் சிகாமணி புது ட்ரம்முக்குள் நூல் பிடுங்கிக்கொண்டிருந்தார். கோட்டுக்கு வெளியேயிருந்து கோமளா கூப்பிட்டாள். அவர் உள்ளேயிருந்து பதில் சொன்னார். அவள் சாப்பாடு கொண்டுவந்த தூக்குப் போசியைத் திறக்கத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனாள். சிவப்பு அணைந்து பச்சை எரிந்தது. குப்புராஜ் விளக்கைப் பார்த்தான், பொத்தானை அழுத்தினான். அவன் ட்ரம்முக்குள் எட்டிப் பார்க்கவில்லை. எட்டிப் பார்க்கிற வேலையை இல்லாமல் செய்வதற்காகத்தான் அந்த விளக்கே வைக்கப்பட்டிருந்தது.

விசாரணை ஈரோட்டில் நடந்தது. அதிகாரி ஒரு பெண். பொறுமையானவர், யாரையும் அதட்டவில்லை. இப்போதைய சட்டப்படி பேனலின் சாட்சியம்தான் முதல் சாட்சியம். மனிதர்கள் பயத்தில், துக்கத்தில், லாபத்துக்காக மாற்றிச் சொல்வார்கள். பேனலுக்கு அப்படி ஒன்றும் இல்லை. அறையின் நடுவில் ஒரு மேஜைமேல் ஒலிபெருக்கியை வைத்து அதைப் பேசவிட்டார்கள். அது மேடைத் தமிழில் சொன்னது:

"சிகாமணி உள்ளே வந்தார். சிகாமணி விடைபெற்றார். உள்ளே எவரும் இல்லை. மெஷின் இயக்கப்பட்டது."

பிறகு சிகாமணியின் குரலைப் போட்டுக் காட்டினார்கள். ஒரே ஒரு சொல். "வர்றேன்."

கோமளா எழுந்து நின்றாள்.

"ரெண்டு தடவ சொன்னாருங்க."

"பதிவில் ஒரு தடவைதானேம்மா இருக்கிறது?" என்றார் அதிகாரி.

"ரெண்டு தடவ சொன்னாருங்க. எப்பவும் ரெண்டு தடவதான் சொல்வாருங்க. நான் கூப்பிட்டதுக்குப் பதில் சொன்னாருங்க. அவரு கெளம்பலீங்க."

"கிளம்பும்போது அவர் என்ன சொல்வார்? போகிறேன் என்று சொல்லும் பழக்கம் உண்டா?"

"போறேன்." அவள் அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்ப்பதுபோல் சொல்லிவிட்டு நிறுத்தினாள். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. எனக்குப் பிடித்த மௌனங்கள் உண்டு. அது அந்த வகை இல்லை. பிறகு சொன்னாள், "அந்த வார்த்தைய எங்க ஊட்டுல யாரும் சொல்றதில்லீங்க. சொன்னா ஆளு திரும்பி வரமாட்டாங்கன்னு அர்த்தமுங்க."

சம்பத் சாரின் வக்கீல் நல்ல மாதிரிதான் பேசினார். சிகாமணி முறைப்படி விடைபெற்றிருக்கிறார். ஆனால் வெளியே வராமல் உள்ளேயே தங்கியிருக்கிறார். ஒருவேளை சாப்பாட்டுக்கு முன் மிச்ச நூலையும் எடுத்துவிடலாம் என்று நினைத்திருக்கலாம். உழைப்பாளி. அவரைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. இப்படிச் சொல்லியே குறையை அவர்மேல் வைத்தார். குப்புராஜ் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்தச் சொல் ஒருமுறைதான் என்று ஆனால் அவனுக்கு நல்லது. ஆனாலும் அவன் தலையைக்கூட ஆட்டவில்லை.

மறுநாள் பட்டறையில் நித்திலாவும் நானும் பேனலின் நிரலைத் திறந்து உட்கார்ந்தோம். வேலை செய்கிற யாரும் எங்கள் பக்கம் வரவில்லை. ஒவ்வொரு படியாகப் பார்த்துக்கொண்டே வந்தவள் ஓர் இடத்தில் கையை எடுத்துவிட்டாள்.

"இத யாருண்ணே போட்டது?"

"எது?"

"எதிரொலி நீக்கம்."

சொன்னேன். ட்ரம், இரண்டு சிகாமணி, டீ, எல்லாம் சொன்னேன்.

"அப்ப அவரு 'வர்றேன் வர்றேன்'னு சொன்னா இதுக்குள்ள என்ன ஆகும்?" என்றாள். அவளுக்குப் பதில் தெரிந்திருந்தது. ஆனாலும் கேட்டாள். "ரெண்டாவது 'வர்றேன்'ங்கிறத எதிரொலின்னு நெனச்சுத் தூக்கிப் போட்டுரும். மிச்சம் ஒண்ணுதான். ஒண்ணுன்னா கெளம்பிட்டாருன்னு நான் சொல்லிக்குடுத்து வச்சிருக்கேன்."

அவள் நிரலை மூடினாள்.

"என் விதியும் சரி. அவங்க போட்டதும் சரி. ரெண்டு சரியும் சேர்ந்து ஒரு ஆளக் கொன்னுருச்சுண்ணே."

அடுத்த அமர்வில் அதை அப்படியே அதிகாரியிடம் சொன்னோம். நித்திலா விளக்கினாள், நான் காட்டினேன். சம்பத் சார் எங்களைத் தடுக்கவில்லை. தடுக்க வேண்டிய அவசியம் இல்லை என்று அவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதிகாரி முழுக்கக் கேட்டார், நடுவில் நல்ல கேள்விகளும் கேட்டார்.

"சரி. நீக்கப்பட்ட அந்த இரண்டாவது ஒலி எங்கே இருக்கிறது?"

"எங்கேயும் இல்லைங்க," என்றேன். "எதிரொலின்னு முடிவு பண்ணினா பேனல் அதைச் சேமிக்காது."

"அப்படியென்றால் நீக்கப்பட்டது அவருடைய இரண்டாவது சொல்லாகவும் இருக்கலாம், நிஜமாகவே எதிரொலியாகவும் இருக்கலாம். அல்லது ஒன்றுமே நீக்கப்படாமலும் இருந்திருக்கலாம்."

"இருக்கலாங்க."

"எது என்று உங்களால் சொல்ல முடியுமா?"

"அவர் மனைவி சொல்றாங்க."

"அவர் மனைவி சொல்வதைக் குறித்துக்கொண்டேன்," என்றார் அதிகாரி. குரலில் கேலி இல்லை. உண்மையிலேயே வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். இல்லாத ஒலியை வைத்து அவரால் எதுவும் எழுத முடியவில்லை. விடைபெற்ற பின் உள்ளே தங்கியதால் நேர்ந்த விபத்து என்று தீர்ப்பானது.

கூடவே எல்லாக் காதுப்பெட்டிகளுக்கும் புது உத்தரவு வந்தது. 'வர்றேன்' குழப்பமான சொல், இனி அது கணக்கில் வராது. கோட்டை விட்டு வெளியேறுகிறவர் 'போறேன்' என்றே சொல்ல வேண்டும். ஒவ்வொருவரும் தன் வாயால் சொல்ல வேண்டும். ஒருவருக்காக மேஸ்திரியோ முதலாளியோ கணக்கை அழிக்க முடியாதபடி பேனல்களுக்கு முத்திரை வைக்கப்பட்டது. நல்ல எண்ணத்தில் போட்ட உத்தரவு. உங்கள் ஆட்கள் மாற வேண்டாம் என்று விற்ற பெட்டிக்காக ஆட்கள் மாறினார்கள். முதலில் கூச்சப்பட்டார்கள். சிலர் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு உடனே வாய்க்குள் வேறு எதையோ முணுமுணுத்துக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் பழகிவிட்டது.

கோமளா வேலைக்குத் திரும்பினாள். திரும்பாமல் என்ன செய்வாள்? அதே கொட்டகை, அதே வண்டி. முதல் நாள் முழுக்க வேலை செய்தாள், மற்றவர்களோடு நன்றாகவே பேசினாள். சாயங்காலம் மஞ்சள் கோட்டைத் தாண்டும்போது வாயை மூடிக்கொண்டு தாண்டினாள். அப்படியே வீட்டுக்குப் போய்விட்டாள்.

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

மறுநாள் அவள் வேலைக்கு வரவில்லை. ட்ரம்முக்குள் தேடினார்கள், டார்ச் அடித்துப் பார்த்தார்கள். யாரும் இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது, பேனலைத் தவிர. கோமளா உள்ளே இருக்கிறாள் என்று அது உறுதியாக நின்றது. முத்திரையை உடைத்தால் சாயப்பட்டறையின் உரிமமே போய்விடும். வேறு பேனல் வைக்க அந்த உத்தரவைப் போட்ட ஆணையத்தின் அனுமதி வேண்டும், அது மாதக்கணக்கில் ஆகும். நல்லசாமி சம்பத் சாரைக் கூப்பிட்டார், சம்பத் சார் என்னைக் கூப்பிட்டார். மூன்று பேரும் அவள் வீட்டுக்குப் போனோம்.

தகரக் கூரை வீடு. அவள் நாற்காலி எடுத்துப் போட்டாள், குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள்.

"ஏம்மா, மறந்துட்டயா?" என்றார் நல்லசாமி.

"எத மறந்தனுங்க?"

"அதான், போறப்ப சொல்ற அத."

"நான் இன்னும் உள்ளதான இருக்கறனுங்க. உங்க பெட்டி பொய் சொல்லாதாமே. விசாரணையில சொன்னாங்க."

நல்லசாமிக்கு முகம் சிவந்தது. சம்பத் சார் குறுக்கே வந்தார்.

"கோமளா, ஒரு வார்த்தைதானுங்க. வந்து சொல்லிட்டுப் போனீங்கன்னா மத்தவங்க பொழப்பு நடக்கும். உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க, செஞ்சு குடுக்கறோம்."

"ஒண்ணே ஒண்ணு வேணுங்க. அவரு கெளம்பலைன்னு எழுதோணும். நான் கூப்பிட்டதுக்குப் பதில் சொன்னாருன்னு எழுதோணும். பேனல் செஞ்ச நீங்களும், அத வாங்கி வெச்ச இவிகளும் கையெழுத்துப் போடோணும். அப்பறம் நீங்க சொல்ற எந்த வார்த்தையும் வந்து சொல்றனுங்க."

சம்பத் சார் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தார். மென்மையாகத்தான் சொன்னார், அந்த மென்மையை என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை.

"யோசிச்சுப் பாருங்க. அப்படி எழுதினா, நீங்க கூப்பிட்டதாலதான் அவரு வாயத் தொறந்தாரு, அதனாலதான் பச்ச எரிஞ்சுதுன்னு ஆகும். நீங்க கூப்பிடாம இருந்திருந்தா அவரு இன்னிக்கு இருப்பாருன்னு ஆகும். அந்தப் பாரத்த எதுக்குத் தலையில ஏத்திக்கறீங்க? இப்ப இருக்கறபடி இருந்தா உங்க மேல ஒண்ணும் இல்ல."

"ஆகட்டுங்க."

"என்ன ஆகட்டும்?"

"என் மேல ஆகட்டுங்க. நான் கூப்பிட்டேன், அவரு பதில் சொன்னாரு. அது எங்க ரெண்டு பேருக்குள்ள நடந்ததுங்க. அந்த மனுசன் கடைசியாப் பேசினது எங்கிட்டங்க. உங்க பெட்டிகிட்ட இல்ல."

கூரைமேல் ஏதோ மரத்தின் காய் விழுந்து உருண்டது. நல்லசாமி எழுந்தார். திரும்பும்போது காரில் அவர் புலம்பிக்கொண்டே வந்தார். சம்பத் சார் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையெழுத்துப் போடுவதைப் பற்றி யோசிக்கிறார் என்று நினைத்தேன். நான் மனிதர்களைப் படிப்பதில் எப்போதும் பின்தங்கியவன்.

அந்த வாரக் கடைசியில் சம்பத் சார் நித்திலாவை அறைக்குக் கூப்பிட்டார். கதவு சாத்தியிருந்தது. வெளியே வந்தபோது அவள் முகம் ஒரு மாதிரி இருந்தது. தன் பையை எடுத்தாள், தண்ணீர் பாட்டிலை எடுத்தாள்.

"என்ன ஆச்சு?" என்றேன்.

"என்னால ஆகாதுன்னு சொல்லிட்டேன். வேற யாராவது செய்வாங்கண்ணே, பெரிய வித்தை ஒண்ணும் இல்ல."

"எதை?"

அவள் சொல்லவில்லை. வாசலில் நின்று, "போ..." என்று ஆரம்பித்தவள் சட்டென்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஆலை ஆலையாகப் போய் எல்லாருக்கும் அந்தச் சொல்லைப் பழக்கிப் பழக்கி அவள் வாய்க்கும் வந்துவிட்டிருந்தது. பிறகு ஒன்றும் சொல்லாமலே இறங்கிப் போனாள்.

திங்கட்கிழமை சம்பத் சாரோடு சாயப்பட்டறைக்குப் போனேன். எதற்கென்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை. அவர் கையில் சின்ன ஒலிபெருக்கி ஒன்று இருந்தது. கொட்டகையில் குப்புராஜ் மட்டும் நின்றிருந்தான். சம்பத் சார் மஞ்சள் கோட்டின்மேல் நின்று ஒலிபெருக்கியைப் பேனலை நோக்கித் தூக்கிப் பிடித்தார்.

"போறேன்," என்றது கோமளாவின் குரல்.

எனக்கு அந்தக் குரல் தெரியும். சொல்லிப் பார்ப்பதுபோல் சொன்ன அந்த விதம் தெரியும். அதற்குப் பின்னால் வந்த மௌனம் தெரியும். அதை மட்டும் வெட்டிவிட்டிருந்தார்கள். விசாரணையின் ஒலிப்பதிவு இரண்டு தரப்புக்கும் கொடுக்கப்பட்டிருந்தது. அவள் வாழ்நாளில் அந்தச் சொல்லைச் சொன்னது அந்த ஓர் இடத்தில்தான், நாங்கள் இதைச் சொல்வதில்லை என்று சொல்வதற்காக.

பேனல் அதை ஏற்றுக்கொண்டது. தவறுகளைத் தடுக்கத்தான் அதைச் செய்திருந்தோம், ஏமாற்றுவதைத் தடுக்க அல்ல. சிவப்பு அணைந்தது. பச்சை எரிந்தது.

"ஓட்டுப்பா," என்றார் சம்பத் சார்.

குப்புராஜ் விளக்கைப் பார்க்கவில்லை. ட்ரம்மின் அருகே போய்த் தலையை உள்ளே விட்டு வெகுநேரம் பார்த்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டான். சிகாமணியையா கோமளாவையா என்று எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. பிறகு திரும்பி வந்து, பொத்தானைத் தொடாமல், எங்களைத் தாண்டி வெளியே நடந்து போய்விட்டான். பொத்தானைச் சம்பத் சாரே அழுத்தினார்.

ட்ரம் இன்னும் ஓடுகிறது. குப்புராஜ் அவிநாசிச் சாலையில் ஒரு பெட்ரோல் பங்க்கில் வேலை செய்கிறான். நித்திலா மதுரைக்குத் திரும்பி ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறாள். எப்போதாவது பேசிக்கொள்கிறோம், இதைப் பற்றிப் பேசுவதில்லை. சம்பத் சாரின் காதுப்பெட்டிகள் ஆந்திராவுக்கும் குஜராத்துக்கும் போகின்றன; அங்கங்கே விடைபெறுகிற சொற்களைக் கேட்டு எழுதிவரப் புது ஆட்களை எடுத்திருக்கிறார். நல்லசாமி போன வருடம் மாரடைப்பில் இறந்தார். நான் அதே பட்டறையில் அதே வேலையில் இருக்கிறேன். கோமளா காங்கேயத்தில் ஒரு தேங்காய்க் களத்தில் வேலை செய்கிறாள். சென்ற மாதம் அந்தப் பக்கம் போனபோது அவளைப் பார்த்தேன். ட்ரம் ஓடுவது அவளுக்குத் தெரிந்திருந்தது. "பெட்டியவே தூக்கிக் கடாசிட்டாங்களாட்டங்க," என்றாள், முகம் நிறையச் சிரிப்போடு. "என் வாயில இருந்து அந்த வார்த்தைய வாங்க முடியல பாத்தீங்களா." அவளிடம் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.